தொட்டிக்குள்ளே சமாதானம்

மீன்தொட்டி வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது நிறத்தை. சிவப்பில் இரண்டு, கறுப்பில் இரண்டு, கோடு போட்டது நான்கு என்று ரவிக்கைத் துண்டு பொறுக்குகிற மாதிரி பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். கூடவே ஒரு கட்டு பச்சைச் செடியும் வாங்கியாகிறது. இரண்டாம் நாள், கோடு போட்டது கறுப்பின் வாலைக் கடித்துக் கந்தலாக்கியிருக்கிறது. ஒரு வாரத்தில் செடி அழுகுகிறது. பத்தாம் நாள் தண்ணீர் பால் கலந்தாற்போல் வெளுத்துப் போகிறது. அப்புறம் தொட்டி பரணுக்கு ஏறிவிடும். "கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று வீட்டார் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்.

கடைக்காரர் மேல் எனக்குக் கொஞ்சம் பரிவு உண்டு. நாலு ஜீவன்களை ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்து வைத்தால் யார் யாரோடு ஒத்துப்போவார்கள், யார் யாரைத் தின்பார்கள் என்பது லேசான கேள்வியல்ல. கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு அது தெரியும். மீன் விஷயத்தில் இந்தக் கேள்விக்கு மனிதர்கள் ஒழுங்காக விடை தேடத் தொடங்கியே நூற்றெழுபத்தைந்து வருஷத்துக்குக் கொஞ்சம் மேலேதான் ஆகிறது.

மீன் வளர்ப்பது என்னவோ பழைய ஆசைதான். சீனாவில் ஸுங் அரசர்கள் காலத்திலேயே குளங்களில் தங்க மீன்களை ஜாதி பிரித்து வளர்த்தார்கள். 1665-இல் லண்டனில் சாமுவேல் பீப்ஸ் என்பவர் கண்ணாடிப் பாத்திரத்துத் தண்ணீரில் உயிரோடு இருந்த அந்நிய தேசத்து மீன்களைப் பார்த்து அதிசயித்து, தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். ஆனால் இதெல்லாம் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்கிற வரையில்தான். மாற்றுகிற கை ஓய்ந்தால் மீனும் ஓய்ந்துவிடும்.

விடையின் பாதி வேறொரு பக்கத்தில் கிடைத்திருந்தது. 1771-இல் ஜோஸப் பிரீஸ்ட்லி, எரியும் மெழுகுவத்தி கெடுத்துவிட்ட காற்றில் ஒரு புதினாக் கொத்தை வைத்துப் பார்த்தார். சில நாளில் அதே காற்றில் மெழுகுவத்தி மறுபடி எரிந்தது. 1779-இல் யான் இங்கன்ஹௌஸ், தண்ணீருக்குள் அமிழ்த்திய இலைகளில் வெயில் பட்டால்தான் குமிழி வருகிறது, இருட்டில் வருவதில்லை என்று காட்டினார். செடி பிராணவாயுவைத் தருகிறது. ஜந்து அதைச் சுவாசித்துக் கரியமில வாயுவைத் திருப்பித் தருகிறது. அப்படியானால் செடியையும் மீனையும் ஒரே தொட்டியில் போட்டால் என்ன? இந்த எளிய யோசனை நடைமுறைக்கு வர இன்னும் எழுபது வருஷம் பிடித்தது. கண்ணாடி விலையும் அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். இங்கிலாந்தில் கண்ணாடிமேல் இருந்த வரி 1845-இல்தான் நீங்கிற்று.

அந்த வரி நீங்கிய மறு வருஷம், 1846-இல், ஆனா தின் என்ற சீமாட்டி டார்க்கே கடற்கரையிலிருந்து சில பவள ஜீவன்களை லண்டனுக்குக் கொண்டுவந்தார். அவர் கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் பெரிய பதவியில் இருந்தவர். வழியில் ஆடி அசைந்து அடிபடாமல் இருக்க, அந்த அம்மாள் பவளங்களை ஒரு பெரிய கடற்பஞ்சின்மேல் ஊசி நூலால் தைத்துவிட்டார்! லண்டனிலோ கடல் தண்ணீர் கிடைப்பது அருமை. கொண்டுவந்த தண்ணீரையே திறந்த ஜன்னலுக்கு எதிரில் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு, நாம் காப்பி ஆற்றுகிற மாதிரி, தினமும் அரை மணி முக்கால் மணி நேரம் மாற்றி மாற்றி ஊற்றிக் காற்றாட வைத்தார்கள். ஊற்றியது எஜமானி அல்ல. வீட்டில் வேலை செய்த சிறு பெண். அவளுக்கு அது ஒரு விளையாட்டாக இருந்ததாம். அப்படியென்று எஜமானிதான் எழுதியிருக்கிறார். அந்தப் பெண்ணை யாரும் கேட்கவில்லை. அவள் பெயரையும் யாரும் குறித்து வைக்கவில்லை. மறு வருஷம் கடற்பாசியைச் சேர்த்தபோதுதான் அவள் கைக்குச் சற்று ஓய்வு கிடைத்திருக்க வேண்டும்.

இனிமேல்தான் நம் கதாநாயகர் வருகிறார். ராபர்ட் வாரிங்டன், லண்டன் மருந்துக்காரர் சங்கத்தின் மண்டபத்தில் ரசாயன நிபுணர். குடியிருந்ததும் அங்கேயே. 1841-இல் லண்டன் ரசாயன சங்கம் ஏற்பட முன்னின்றவர் இவர். 1849-இல் இவர் 12 காலன் கொள்ளும் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தை எடுத்து, பாதியளவு ஊற்றுத் தண்ணீர் விட்டு, அடியில் மணலும் சேறும் பரப்பினார். மீன் ஒதுங்குவதற்கு நிழல் வேண்டும் என்று கற்களை அடுக்கினார். இந்த ஒரு காரியத்துக்காகவே அவரிடம் எனக்கு மதிப்பு. பிறகு நாடா நாடாவாக இலை விடும் வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியை நட்டு, இரண்டு சிறிய தங்க மீன்களை விட்டார்.

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகவே நடந்தது. மீன் சுவாசித்தது, செடி காற்றைச் சுத்தப்படுத்திற்று. புத்தகத்தில் சொன்ன தாம்பத்தியம். ஆனால் எந்தத் தாம்பத்தியத்திலும் யாரும் கணக்கில் சேர்க்காத ஒன்று உண்டே, குப்பை! செடியின் பழைய இலைகள் மஞ்சளாகி அழுகின. அந்த அழுகலில் தண்ணீர் கலங்கிற்று. கண்ணாடியிலும் இலைகளிலும் பச்சை வழும்பு படர்ந்தது. மீன்களின் உயிருக்கே ஆபத்து வரும் போல் ஆயிற்று.

வாரிங்டன் குளங்களைப் பற்றி யோசித்தார். குளத்திலும் இலை அழுகுகிறது. அங்கே மீன் சாவதில்லையே, ஏன்? குளத்தில் நத்தை இருக்கிறது. ஐந்தாறு குளத்து நத்தைகளைப் பிடித்துத் தொட்டியில் விட்டார். அவை அழுகிய இலையையும் வழும்பையும் தின்று தீர்த்தன. சில நாளில் தண்ணீர் தெளிந்தது. அதோடு நிற்கவில்லை. நத்தைகள் முட்டையிட்டன, அந்த முட்டையும் குஞ்சும் தங்க மீனுக்கு ஆகாரமாயின. செடியின் கழிவு நத்தைக்குச் சாப்பாடு. நத்தையின் சந்ததி மீனுக்குச் சாப்பாடு. மீனின் கழிவு செடிக்கு எரு. 1850-இல் அவர் இதை ரசாயன சங்கத்துக்கு எழுதி வாசித்தார். அதில் நத்தையைத் தோட்டி என்ற ஸ்தானத்தில் வைத்துப் பேசுகிறார். அழகுக்காக மீனையும் செடியையும் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. தொட்டியை வாழவைக்க ஒரு துப்புரவுக்காரனைத் தேடிப்போன முதல் மனிதர்களில் ஒருவர் வாரிங்டன்.

அதற்குப் பிறகு ஊர் முழுவதும் பைத்தியம் பிடித்தது. 1853 மே மாதம் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன் வீடு திறந்தார்கள். 1854-இல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகம் 'அக்வேரியம்' என்ற பெயரையே உலகத்தில் நிலைநாட்டிற்று. கடல் தண்ணீரையே விலைக்கு விற்ற கடை ஒன்று லண்டனில் இருந்தது. மத்தியதர வீடுகளில் முன்னறைக்குத் தொட்டி இல்லாவிட்டால் கௌரவக் குறைவு. கடற்கரைப் பாறைக் குழிகளில் இருந்த பூப்போன்ற ஜீவன்களையெல்லாம் ஜனங்கள் வாரிக்கொண்டு போனார்கள். அதைப் பார்த்துத் தம் தகப்பனார் மனம் நொந்ததைக் காஸின் மகன் எட்மண்ட் 1907-இல் வெளியிட்ட சுயசரிதையில் சொல்லியிருக்கிறார்.

ஆனால் வாரிங்டனின் பொறுமை எல்லாருக்கும் வருமா? ஸ்டிக்கிள்பேக் என்று முதுகில் முள்ளுடைய சிறு மீன் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் ஓடைகளில் எங்கும் அகப்படும். ஆண் மீன் கூடு கட்டிக் குஞ்சைக் காப்பாற்றும் அழகைப் பார்க்க அதைத் தொட்டியில் விட்டார்கள். உத்தமமான தகப்பன்தான், சந்தேகமில்லை. ஆனால் கூட்டின் அருகே வருகிற எவனையும் அது சும்மா விடாது. தொட்டியோ சிறிது, ஆகவே எல்லாருமே அருகில்தான் இருப்பார்கள். குளத்து வண்டுகளையும் தும்பியின் புழுக்களையும் கூடவே போட்டவர்களும் உண்டு. அந்த வண்டும் புழுவும் சிறு மீனைப் பிடித்துத் தின்னக்கூடியவை. ஜன்னல் வெயிலில் தொட்டியை வைத்துத் தண்ணீரைப் பாசிக் குழம்பாக்கினார்கள். 1868-இல் ஜே. ஜி. வுட் என்ற பாதிரியார் எழுதும்போது, பழைய தொட்டி மோகத்தை முடிந்துபோன விஷயமாகவே பேசுகிறார்.

அந்த வருஷத்துக்கு மறு வருஷம், 1869-இல், பாரிஸுக்குச் சீனாவிலிருந்து சொர்க்க மீன் வந்து சேர்ந்தது. கார்போனியே என்பவர் அதைக் குஞ்சு பொரிக்கச் செய்தார். மேலே வந்து நேரே காற்றைக் குடிக்கிற ஜாதியானதால் கப்பல் பிரயாணத்தைத் தாங்கிற்று. பெயர்தான் சொர்க்கம், இரண்டு ஆண் மீன்களைச் சேர்த்து வைத்தால் நரகம். அதன் பின்னாலே வெப்ப தேசத்து மீன்கள் வரிசையாக வந்தன. சயாமிலிருந்து சண்டை மீன், அமேஸானிலிருந்து ஏஞ்சல், 1936-இல் சாஸ்திரப் பெயர் பெற்ற நியான் டெட்ரா, இலங்கை ஓடைகளிலிருந்து செர்ரி பார்ப். இதற்கு 1929-இல் பெயரிட்டவர் தெரணியகல என்ற இலங்கை அறிஞர்.

இங்கேதான் புதிய சிக்கல். வாரிங்டனின் தொட்டி ஒரே குளத்தின் நகல். நம்முடையதோ சத்திரம், மூன்று கண்டத்து யாத்திரிகர்கள் ஒரே கூடத்தில் படுத்திருக்கிறார்கள். ஒரே ஊர்க்காரர்கள் என்பதும் உறுதிமொழியல்ல: ஏஞ்சலும் நியானும் அமேஸான்காரர்கள்தாம், ஆனால் வளர்ந்த ஏஞ்சலுக்குச் சின்ன நியான் ஒரு வாய்ப் பலகாரம். வாய்க்குள் போகும் அளவில் இருப்பதை எந்த மீனோடும் விடக்கூடாது என்பது இந்தச் சாஸ்திரத்தின் முதல் சூத்திரம். ஒரே குடும்பப் பெயர் இருந்தாலும் குணம் வேறாயிருக்கும். செர்ரி பார்ப் சாது, அதன் தாயாதியான டைகர் பார்ப் நீண்ட செட்டையைக் கண்டால் கடிக்காமல் இராது. அதையும் தனியாக இரண்டு மூன்று வைத்தால்தான் அடாவடி அதிகம். எட்டுப் பத்தாக வைத்தால் தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டு மற்றவர்களைப் பெரும்பாலும் மறந்துவிடும். இப்படிப்பட்ட குடும்பங்களை நானும் பார்த்திருக்கிறேன்.

தங்க மீனுக்கு வேண்டியது குளிர்ந்த தண்ணீர். வெப்ப தேசத்தாரோடு அது பொருந்தாது. மெல்லிய இலைச் செடியை மென்று தீர்க்கும். வேரைத் தோண்டிப் போடும். வாலிஸ்நேரியா அதனிடம் ஓரளவு தாக்குப் பிடிக்கும். இலங்கையின் கிரிப்டோகோரைன் மங்கிய வெளிச்சத்திலும் வளரும்; ஆனால் இடம் பெயர்த்தால் கோபித்துக்கொண்டு இலையெல்லாம் உதிர்க்கும். நட்ட இடத்தில் விட்டுவிட்டால் தானே மறுபடி தளிர்க்கும்.

இவ்வளவையும் பார்த்துப் பார்த்துச் செய்தும் சிலருடைய மீன்கள் செத்துப் போகின்றன. காரணம், வாரிங்டன் சொன்ன கணக்கிலேயே ஒரு ஆள் விடுபட்டிருந்தது. செடியும் மீனும் ஒன்றையொன்று ஈடுகட்டுகின்றன என்ற 'சமநிலைத் தொட்டி'க் கொள்கையை ஏறக்குறைய நூறு வருஷம் வேதம் போல் நம்பினார்கள். 1949-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆட்ஸ் அதைக் கட்டுக்கதை என்றே எழுதினார். பிராணவாயு பெரும்பாலும் வருவது தண்ணீரின் மேற்பரப்பு வழியாகக் காற்றிலிருந்து. ராத்திரியில் செடியும் அதைச் செலவழிக்கத்தான் செய்கிறது. தின் வீட்டு வேலைக்காரப் பெண் ஜன்னலோரம் ஆற்றிய ஆற்றல் வீணாகவில்லை என்று இதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

அதைவிடப் பெரிய விஷயம் மீனின் கழிவு. அதிலிருந்து அமோனியா உண்டாகிறது; அது மீனுக்கே விஷம். மணலிலும் கல்லிலும் ஒட்டி வாழும் கிருமிகள் அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்குகின்றன. இந்தக் கடைசிச் சரக்கு அவ்வளவாகக் கெடுதல் செய்யாது, செடிக்கு எருவாகிறது. புதுத் தொட்டியில் இந்தக் கிருமிகள் குடியேறி வம்சம் பெருக நாலைந்து வாரமாகும். ஒரே நாளில் இருபது மீன் விடுகிறவர்கள் வீட்டில் பத்தாம் நாள் இழவு விழுவது இதனால்தான். ஒன்றிரண்டு உறுதியான மீனோடு தொடங்கி, ஒரு மாதம் பொறுத்து மற்றவர்களை அழைத்து வரவேண்டும்.

இந்தக் கிருமி வேலையைத் துப்புத் துலக்கியவர்களில் ஒருவர் பெயரைப் படித்தபோது நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன். நம் வாரிங்டனின் மகன்! 1849-இல் அந்தத் தொட்டி வைக்கப்பட்டபோது பையனுக்கு வயது பதினொன்று. பெரியவனாகி அவர் ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் வயல் மண்ணை ஆராய்ந்தார். அமோனியாவை நைட்ரேட்டாக்கும் வேலை இரண்டு கட்டமாக, இரண்டு வேறு கிருமிகளால் நடக்கிறது என்றும், அவற்றுக்கு வெளிச்சம் ஆகாது என்றும் கண்டார். அந்தக் கிருமிகளைத் தனியே பிரித்தெடுக்க மட்டும் எவ்வளவு முயன்றும் அவருக்குக் கைகூடவில்லை. 1890-ஐ ஒட்டி வினோகிராட்ஸ்கி என்ற ருஷ்யர் அதைச் சாதித்தார்.

தகப்பனார் வெயிலில் செடியைப் பார்த்தார். மகன் இருட்டில் மண்ணைப் பார்த்தார். அந்த 12 காலன் தொட்டியின் அடியில் பரப்பிய சேற்றிலும் அதே வேலை நடந்துகொண்டுதான் இருந்திருக்கும். தகப்பனார் 1867-இல் காலமானார். மகன் கிருமிகளைத் தேடத் தொடங்கியது அதற்குச் சுமார் பத்து வருஷம் கழித்து.