பள்ளிக் கட்டணத்தின் சுமையைத் தாங்கியவர்கள்: ஒரு வரலாற்றுக் கண்ணோட்டம்

யூபிலி மலர் என்றால் கோவில் எழும்பிய வரலாறும், பங்குத் தந்தையரின் பெயர் வரிசையும் இடம்பெறுவது வழக்கம். அவற்றோடு பள்ளிக்கூடத்தின் வரலாற்றையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பது நம் கடமை. மூக்கண்டப்பள்ளியில் வந்து குடியேறிய நம்மில் பெரும்பாலோரை இங்கு நிலைநிறுத்தியவை இரண்டு: ஒன்று ஆலை வேலை, மற்றொன்று பிள்ளைகளின் படிப்பு.

1971ஆம் ஆண்டில் சிப்காட் நிறுவனம் உருவாகி, ஓசூரில் தொழிற்பேட்டை அமைந்தது. 1980ஐ ஒட்டி அசோக் லேலண்ட், டி.வி.எஸ். ஆலைகளும், அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் டைட்டனும் இங்கு உற்பத்தியைத் தொடங்கின. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் கலந்து ஒலிக்கும் இவ்வெல்லைப் பகுதிக்குப் பல மாவட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. பெங்களூருக்கு அருகில் இருப்பதால் நிலத்தின் விலையும் வீட்டு வாடகையும் ஏறின; பள்ளி நடத்தும் செலவும் ஏறியது. ஜூன் மாதம் பிறந்தால் நகையை அடகு வைக்கும் தாய்மார் நம்மிடையே இருக்கிறார்கள். ஆகவே ஒரு கேள்வி எழுகிறது: முற்காலத்தில் நம் பள்ளிகளில் கட்டணம் எப்படிக் குறைவாக இருந்தது?

செலவே இல்லாததால் கட்டணம் குறையவில்லை. பெற்றோர் கொடுக்காததை வேறொருவர் கொடுத்தார். அந்த வேறொருவர் யார் என்பதே பள்ளிகளின் வரலாறு.

முதலில் கொடுத்தவர்கள் துறவியரும் ஏழை விசுவாசிகளும். 1844இல் புதுச்சேரியில் ஆயர் பொன்னாந்து ஆண்டகை கூட்டிய மறைமாநில மன்றம் கல்விப் பணியை வலியுறுத்தியது. அதே ஆண்டில் துப்புய் அடிகளார் பெண் கல்விக்கென மாசற்ற இருதய மரியன்னை கன்னியர் சபையைத் தொடங்கினார். பெண் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவதே விந்தையாக எண்ணப்பட்ட காலம் அது. கன்னியர் தமக்கென ஊதியம் சேர்க்காமல் கற்பித்தனர். பல பங்குகளில் உலை வைக்கும்போது எடுத்து வைத்த பிடி அரிசியும் காணிக்கையும் இத்தகைய பணிகளுக்கு உதவின.

அடுத்து அரசு வந்தது. 1854ஆம் ஆண்டின் ‘உட்’ கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு உதவி மானியம் வழங்கும் முறையை வகுத்தது. அதில் ஒரு நிபந்தனை நம் கவனத்துக்கு உரியது: மானியம் பெறும் பள்ளி, எவ்வளவு சிறியதாயினும், மாணவரிடம் ஒரு கட்டணம் வாங்க வேண்டும் என்பது. ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின் நாடே வேறு வழியில் சிந்தித்தது. 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிய காமராஜர் ஆட்சியில் தொடங்கி, 1960களின் நடுப்பகுதிக்குள் பள்ளியிறுதி வகுப்பு வரை கல்விக் கட்டணம் படிப்படியாக நீங்கியது. உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர் ஊதியத்தை அரசு ஏற்றது. கட்டடமும் பராமரிப்பும் பெரும்பாலும் நிர்வாகத்தின் தோளில் நின்றன.

மூன்றாவது திருப்பம் 1991. அந்தக் கல்வியாண்டிற்குப் பின் தொடங்கும் தனியார் பள்ளிகளுக்கு மானியம் இல்லை என்று சட்டம் திருத்தப்பட்டது. ஆலைகள் பெருகிப் புதுக் குடியிருப்புகள் எழுந்த நம் பகுதி போன்ற இடங்களுக்கு இது பெரிய அடி. பழைய ஊர்களுக்கு உதவி பெறும் பள்ளி இருந்தது. புதிய ஊர்களுக்குச் சுயநிதிப் பள்ளியே வாய்த்தது. சுமை நேராகப் பெற்றோரின் தலையில் இறங்கியது.

செலவு ஏறியதெல்லாம் வீண் ஆடம்பரம் என்று சொல்லிவிடவும் முடியாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளி தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். கூரைக் கொட்டகையும் ஒடுங்கிய படிக்கட்டும் எவ்வளவு கொடிய சிக்கனம் என்பதை அன்று நாடு கண்ணீரோடு கற்றது. 2012இல் பள்ளிப் பேருந்துகளுக்குத் தனி விதிகள் வந்தன. தனியார் பள்ளி ஆசிரியருக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022இல் உறுதி செய்தது. இவை யாவும் செலவுகளே. ஆயினும் நியாயமான செலவுகள்.

மறுபுறம், கட்டணக் கொள்ளையைத் தடுக்க 2009இல் தமிழக அரசு சட்டம் இயற்றியது. ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையிலான குழு, பள்ளி அமைந்துள்ள இடம், வசதிகள், நிர்வாகச் செலவு, வளர்ச்சிக்குத் தேவையான நியாயமான உபரி ஆகியவற்றைக் கணக்கிட்டு, மூன்றாண்டுகளுக்குக் கட்டணம் நிர்ணயிக்கிறது. ஆனால் சட்டம் ஒன்றைத் தானே செய்ய இயலாது. உயர்த்த முடியாத கட்டணத்துக்கும் ஏறுகின்ற விலைவாசிக்கும் நடுவே அகப்பட்ட நிர்வாகம், பல இடங்களில் ஆசிரியரின் ஊதியத்திலேயே கை வைக்கிறது. அப்போது நம் பிள்ளையின் குறைந்த கட்டணத்தைச் செலுத்துபவர், மாதக் கடைசியில் கடன் வாங்கும் அந்த ஆசிரியையே! இதை நாம் எண்ணிப் பார்க்கிறோமா?

துறவியரின் பங்கும் முன்போல் இல்லை. இறையழைத்தல்கள் குறைந்து வருகின்றன. உதவி பெறும் பள்ளிகளில் பணிபுரியும் குருக்களும் கன்னியரும் தம் ஊதியத்தைச் சபைக்கே ஒப்படைத்தாலும், அதில் வருமான வரி பிடிக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. ஏழை மாணவருக்குச் சென்ற பணத்தில் ஒரு பகுதி இனி அவ்வழியே போகும்.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. 2024 ஜூலை 15 அன்று, காமராஜர் பிறந்த நாளில், திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் உள்ள புனித அன்னாள் தொடக்கப் பள்ளியில், ஊரகப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கும் காலை உணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டது. அரசும் திருச்சபையும் கைகோத்தால் ஏழையின் பாரம் குறையும் என்பதற்கு இது சான்று.

இனி நம் முறை. தனியார் பள்ளிகள் 25 விழுக்காடு இடங்களை எளியோருக்கு ஒதுக்க வேண்டும் என்ற கல்வி உரிமைச் சட்டத்திலிருந்து சிறுபான்மைப் பள்ளிகளுக்கு 2014இல் உச்ச நீதிமன்றம் விலக்கு அளித்தது. சட்டம் விலக்கு அளித்தாலும் மனசாட்சி விலக்கு அளிக்குமா? பள்ளி தன் வரவு செலவைப் பெற்றோர் முன் திறந்து வைக்கட்டும். தவணை முறையில் கட்டணம் பெறட்டும். ஆண்டுதோறும் சீருடையை மாற்றாதிருக்கட்டும். படித்து முன்னேறிய பழைய மாணவர்கள் ஒரு நிரந்தர வைப்பு நிதி சேர்த்து, அதன் வட்டியில் ஆண்டுக்குச் சில பிள்ளைகளையாவது, பெயர் வெளியே தெரியாமல், படிக்க வைக்கட்டும். பெற்றோரும் ஆசிரியரின் நியாயமான ஊதியத்துக்காகக் குரல் கொடுக்கட்டும்.

நம் முன்னோர் பிடி அரிசி எடுத்து வைத்தபோது, எவர் வீட்டுப் பிள்ளைக்கு அது போகும் என்று கேட்கவில்லை. நாம் படித்தோம், யாரோ கொடுத்தார்கள். அந்தக் கடனை அடுத்த தலைமுறையின் கையில் திருப்பிச் செலுத்துவதே யூபிலி ஆண்டுக்கு ஏற்ற நன்றிப் பலியாகும்.