காவலூரில் பதிவான யுரேனஸ் வளையம்

விண்கலம் என்றாலே நமக்கு நாசாதான் ஞாபகம் வரும். வியாழனையும் அதற்கு அப்பால் உள்ள கோள்களையும் முதலில் நெருங்கிப் பார்த்தவை அவர்களுடைய கலங்கள்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வரலாற்றில் நம் தமிழ்நாட்டு மலைக் கிராமம் ஒன்றுக்கும் பங்கு உண்டு என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? வாணியம்பாடிப் பக்கம் ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர்தான் அது. இப்போது திருப்பத்தூர் மாவட்டம். வெளியூர்க்காரர்கள் நம்ம திருப்பூரோடு குழப்பிக்கொள்கிறார்களே, அதே திருப்பத்தூர்!

வானியல் மேதை வேணு பாப்பு அவர்களின் முயற்சியில் 1972ல் காவலூரில் 102 செ.மீ. தொலைநோக்கி நிறுவப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில் பயனியர் 10 வியாழனை நோக்கிக் கிளம்பியது. அது போய்ச் சேர்ந்தது 1973 டிசம்பரில். கலம் வழியில் இருக்கும்போதே, 1972 ஜூன் 7 அன்று, வியாழனின் துணைக்கோளான கனிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்ததைக் காவலூரில் பதிவு செய்தார்கள். கனிமீடுக்கு மெல்லிய காற்று மண்டலம் உண்டு என்று அதிலிருந்து கணக்கிட்டார்கள். 1979ல் வாயேஜர் 1 அளந்தபோது, அது அந்தக் கணக்கைவிட மிக மிக மெல்லியது என்று தெரிந்தது.

அடுத்தது 1977 மார்ச் 10. அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்க இருந்தது. காவலூரில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் தொலைநோக்கியோடு காத்திருந்தார்கள். கோள் மறைப்பதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி சில விநாடிகள் சட்டென்று குறைந்தது. புதிய துணைக்கோள் ஒன்று குறுக்கே வந்திருக்கலாம் என்று கருதி, 'நேச்சர்' இதழில் அப்படியே எழுதினார்கள். அதே நேரம் விமானத்தில் தொலைநோக்கி வைத்துப் பார்த்த அமெரிக்கக் குழுவுக்கு, கோளின் இரு பக்கமும் ஒரே தூரங்களில் ஒளி குறைந்தது தெரிந்தது. அப்படியானால் அது வளையம்!

நம்ம பனியன் துணியை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். துணியில் ஓட்டை ஓரிடத்தோடு நின்றுவிடும். ஆனால் நிட்டிங் மெஷினில் ஓர் ஊசி கெட்டால், நீடில் லைன் துணி நெடுக வந்துகொண்டே இருக்கும். ஒரே ஓரிடத்தைப் பார்த்தால் எது என்று சொல்ல முடியாது. மற்ற இடத்தையும் பார்க்க வேண்டும். காவலூர் பதிவு தப்பில்லை. அதற்குச் சொன்ன பொருள்தான் பிறகு மாறியது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 20ல் வாயேஜர் 2 புறப்பட்டது. 1981ல் சனியைக் கடந்ததும் அதன் கேமரா மேடை சிக்கிக்கொண்டது. கியரில் மசகு போதவில்லை. பூமியில் அதே மாதிரி இயங்குபொறிகளை ஓட்டிப் பார்த்த பொறியாளர்கள், மெதுவாகத் திருப்பினால் பிரச்சினை வராது என்று கண்டார்கள். மெஷின் ஓட்டியவர்களுக்கு இது புரியும். வேகத்தைக் குறைத்து வேலையை முடிப்பதும் இன்ஜினியரிங்தான். 1986 ஜனவரி 24ல் அந்தக் கேமரா யுரேனஸைப் படம்பிடித்தது. ஏற்கெனவே தெரிந்த 9 வளையங்களோடு இன்னும் இரண்டு கிடைத்தன. அவை கரி போலக் கறுப்பானவை. பூமியிலிருந்து அதுவரை யார் கண்ணிலும் படாததில் ஆச்சரியமில்லை.

அதே மாதம் 6ம் தேதி, உள்நாட்டிலேயே உருவான 2.34 மீட்டர் தொலைநோக்கி காவலூரில் வேணு பாப்பு பெயரில் அர்ப்பணிக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை, 1982லேயே காலமாகிவிட்டார்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ராக்கெட் இல்லாத ஊரில் இருந்தவர்கள், கையில் இருந்த ஒரு தொலைநோக்கியில் கிடைத்ததை அப்படியே பதிவு செய்து வைத்தார்கள். அதனால்தான் விளக்கம் மாறிய பிறகும் அந்தப் பதிவு உதவியது. உங்கள் லேப் நோட்டிலும் கணக்குக்கு ஒத்துவராத ரீடிங்கை அழித்துவிடாதீர்கள். தேதி போட்டு எழுதி வையுங்கள்.