நிழல்மரம் கற்பித்த பாடம்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் காலைத் தேநீர் அருந்துவோர், அதன் பின்னே ஒரு பெருவீழ்ச்சியின் வரலாறு உண்டென்பதை எண்ணுவது அரிது.

1867ஆம் ஆண்டு கொழும்பு–கண்டிப் புகைவண்டிப் பாதை திறக்கப்பட்டபோது, துறைமுகத்தை நோக்கி வந்த பெருஞ்சரக்கு கோப்பியே. மலைநாட்டிலே காடழித்து, மலைமலையாக அவ்வொரு பயிரையே நட்டிருந்தனர். 1869இல் இலைகளிற் செம்மஞ்சள் துரு படிந்தது. 1880இல் இங்கு வந்த மார்ஷல் வார்டு என்னும் அறிஞர், அது பூஞ்சண நோயென்றும், அதன் நுண்வித்துக்களைக் காற்றே பரப்பியதென்றும் விளக்கினார். இடையிலே தடுக்க மரமில்லை; பயிரும் ஒன்றே. தோட்டங்கள் அழிந்தன. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் கூலியின்றித் தவித்தனர். 1884இல் ஓரியண்டல் வங்கியும் வீழ்ந்தது.

கோப்பியின் இடத்தைப் பிடித்த தேயிலையோடு, மரங்களும் மெல்லத் தோட்டம் புகுந்தன. முள்முருக்கின் தழை பசளையாயிற்று; சவுக்கு நிழலும் காற்றுத்தடையும் தந்தது; அதிலே மிளகுக்கொடியும் படர்ந்தது. ஆயினும் மரம் நட்டாற் போதுமா? 1946இல் தேயிலையைக் கொப்புள நோய் பற்றியபோது, மிகுந்த நிழலின் ஈரமே நோய்க்குத் துணையாயிற்று. எம்மரம், எவ்விடைவெளி, எப்பொழுது கிளை தறிப்பது என்பவற்றை முன்கூட்டியே வகுக்க வேண்டுமென்பது அப்போது தெளிவாயிற்று.

கண்டிக் குடியானவரின் வீட்டுத்தோட்டமோ இதனை நெடுங்காலமாகவே அறிந்திருந்தது. தென்னை, பலா, கமுகு, கித்துள், மிளகு, வாழை என அடுக்கடுக்காய் வளரும் அத்தோட்டத்திலே, ஒன்று பட்டால் மற்றொன்று கைகொடுக்கும்.