சிரம்பானில் வளர்ந்த இராஜரத்தினம்

நம் நாடாளுமன்றத்தில் அமர்ந்த தமிழர்களைச் சொல்லுங்கால் சம்பந்தனாரையும் மாணிக்கவாசகத்தையும் தவறாமல் குறிப்பிடுகிறோம். சுங்கை காடுட்டுக்கு அண்மையிலுள்ள சிரம்பானில் வளர்ந்து, 1963 முதல் 1965 வரை அதே அவையில் இருந்த ஒருவரை விட்டுவிடுகிறோம். அவர் எஸ். இராஜரத்தினம். சிங்கப்பூர்க்காரர் என்று நாமே அவரை ஒதுக்கி வைத்துவிட்டோம்.

அவர் 1915 பிப்ரவரி 25-இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, கைக்குழந்தையாக மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்டவர். தந்தையார் சின்னத்தம்பி ரப்பர்த் தோட்டத்தில் மேற்பார்வையாளர். பால்மரம் சீவிய நம் முன்னோரின் பிள்ளைகளுக்குத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு அப்பால் வழி அரிதாயிருந்த காலம் அது. மேற்பார்வையாளரின் மகனுக்கோ சிரம்பான் செயிண்ட் பால் பள்ளியும், கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடமும், சிங்கப்பூர் இராஃபிள்ஸ் கல்விக்கூடமும் கதவு திறந்தன. இவ்வேறுபாட்டை மறைத்துவிட்டு, 'நம் தோட்டத்துப் பிள்ளை' என்று மேடையில் முழங்குவது எனக்கு உடன்பாடில்லை.

1935-இல் சட்டம் பயில இலண்டன் சென்றார், போர் குறுக்கிட்டது. பட்டமின்றி, எழுதுகோலோடு 1947-இல் திரும்பினார். சிங்கப்பூரில் ஆங்கில நாளிதழ்களில் எழுதினார். 1954-இல் மக்கள் செயல் கட்சியைத் தொடங்கியோருள் அவரும் ஒருவர். 1959-இல் கம்போங் கிளாம் தொகுதியில் வென்றார். சுல்தான் பள்ளிவாசல் அமைந்த பழைய மலாய் வட்டாரம் அது. தமிழர் வாக்கை நம்பி அங்கே நின்றிருக்க முடியாது. 1988-இல் ஓய்வு பெறும்வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், அத்தொகுதி அவருடையதாகவே இருந்தது.

மலேசியா உருவானபோது சிங்கப்பூருக்குக் கூட்டரசு நாடாளுமன்றத்தில் 15 இடங்கள் கிடைத்தன. அவ்வழியே அவர் கோலாலம்பூர் வந்தார். 1964-இல் சிங்கப்பூரில் இனக்கலவரம் இருமுறை வெடித்தது. இனம் பாராத 'மலேசியர் மலேசியா' என்ற முழக்கத்தை வலுவாக எழுப்பியவர்களில் அவரும் இருந்தார். பிரிவினை ஒப்பந்தத்தில் மனமின்றியே கையொப்பமிட்டார். 1965 ஆகஸ்ட் 9-ஆம் நாள் புதிய நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சரானார். அதே நாளில், அவர் வளர்ந்த சிரம்பான் அவருக்கு அயல்நாடாயிற்று.

மறு மாதமே சிங்கப்பூர் ஐக்கிய நாட்டு அவையில் சேர்ந்தது. 1967-இல் ஆசியான் அமைப்பைத் தோற்றுவித்த பேங்காக் அறிக்கையில் அவர் கையொப்பமும் உண்டு. ஆயினும் ஆசிரியர்களாகிய நாம் நின்று நோக்கவேண்டியது 1966-இல் பள்ளி மாணவர்க்காக எழுதப்பட்ட உறுதிமொழியை. இன, மொழி, மத வேற்றுமைகளை மறப்போம் என்று இராஜரத்தினம் வரைந்தார். பிரதமர் லீ குவான் யூ திருத்திய பின் ஆங்கில வடிவில் 'மறத்தல்' நீங்கி, 'பாராமல்' என்னும் பொருள் வந்தது.

'மொழியை மறக்கச் சொன்னவரையா மாணவர்க்கு எடுத்துக்காட்டுவது?' என்று பெற்றோர் சிலர் என்னிடம் வினவியதுண்டு. மறக்கச் சொன்னது வேற்றுமையை, மொழியையன்று. இரண்டும் ஒன்றெனக் கொள்வது அவருக்கு நாம் இழைக்கும் அநீதி. சிங்கப்பூர் மாணவர்கள் தமிழில் அவ்வுறுதிமொழியைச் சொல்லும்போது, 'வேற்றுமைகளை மறந்து' என்றே இன்றும் சொல்கிறார்கள்.