தகரப் பலகையும் தண்டவாளச் சுவரும்

சென்னையின் மேற்குப் புறநகரில் இருபதாம் நூற்றாண்டின் சாலையோர விளம்பரம் பெரும்பாலும் மூன்று வடிவங்களில் இருந்தது. கடை முகப்பில் ஆணி அடித்து மாட்டிய எனாமல் பலகை, அச்சடித்த தகரப் பலகை, சுண்ணாம்புச் சுவரில் கையால் எழுதிய எழுத்து. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இவற்றில் மிச்சமிருப்பவை குறைவு. மிச்சத்தைச் சிலர் விலைக்கு வாங்கிச் சேர்க்கிறார்கள், சிலர் படமெடுக்கிறார்கள்.

எனாமல் பலகை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் பரவிய தொழில்நுட்பம். இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடித் தூளைப் பூசிச் சுமார் 800 டிகிரி செல்சியஸ் சூளையில் சுடுவார்கள். பொதுவாக ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப் பூச்சு, தனிச் சூடு. வெயிலுக்கும் மழைக்கும் இதன் நிறம் மங்காது. எதிரி ஆணித் துளைதான். அங்கே கண்ணாடி பெயர்ந்தால் துரு உள்ளே நுழைந்துவிடும். தேயிலை, சோப்பு, சிகரெட், தைலம் ஆகியவற்றின் நிறுவனங்கள் இப்பலகைகளைக் கடைக்காரருக்கு இலவசமாகவே கொடுத்தன. எடை குறைந்த, விலை மலிந்த அச்சுத் தகரம் பிறகு அதன் இடத்தைப் பிடித்தது.

இந்த வட்டாரத்துக்கு விளம்பரம் வந்த கதை, தொழிற்சாலை வந்த கதையோடு பிணைந்தது. டி.ஐ. சைக்கிள் நிறுவனம் 1949இல் தொடங்கி அம்பத்தூரில் ஆலை அமைத்தது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. பெயர்களைத் தாங்கிய பலகைகள் தமிழ்நாட்டுச் சைக்கிள் கடைகளுக்குப் போக, அவற்றுக்குரிய வண்டிகள் இங்கே உருவாயின. பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று அடுத்த பதினைந்தாண்டுகளில் வயல்வெளி ஷிப்டு சங்குக்கு எழும் ஊராக மாறியது. டீக்கடை, மெஸ், சைக்கிள் கடை, சம்பள நாளை நம்பிய ஜவுளிக்கடை எல்லாம் பின்னாலேயே வந்தன. கடை இருந்தால் பலகையும் இருக்கும். இங்கிருந்த டன்லப் டயர் ஆலை ஓய்ந்த பிறகும் அதன் பெயர் பேருந்து நிறுத்தமாக நிற்கிறது. பலகை செய்யாத விளம்பரத்தை நடத்துநரின் குரல் செய்கிறது.

சுவர் எழுத்துக்கு வாய்ப்பான இடம் ரயில் பாதை. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1 அன்று ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இவ்வழியே சென்றது. பின்னாளில் வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அன்னனூர், ஆவடி என்று நிலையங்கள் நெருங்கி அமைந்ததால் மின்சார ரயில் வேகமெடுப்பதற்குள் அடுத்த நிலையம் வந்துவிடும். பயணிக்குச் சுவரைப் படிக்க நேரம் கிடைக்கும். சிமெண்டு, பனியன், மூலம்–பௌத்திர வைத்தியம், தலைகீழான சிவப்பு முக்கோணத்துடன் குடும்பக் கட்டுப்பாடு ஆகியவை சுவர்களைப் பங்கிட்டுக்கொண்டன. மீதியைக் கட்சிகள் தேர்தலுக்கு முன்பே ஆண்டு குறித்து ‘ரிசர்வ்’ செய்துவைத்தன. ‘விளம்பரம் செய்யாதே’ என்ற எச்சரிக்கையையும் அதே ஓவியரே எழுதிக் கூலி வாங்கியிருப்பார்.

எழுதும் முறை எளிது, கை பழக நாளாகும். சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடிப்பார்கள். சாயப்பொடி தடவிய நூலை இருபுறமும் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும். கோட்டுக்குள் அவுட்லைன், பிறகு நிரப்பல், கடைசியாக ஷேடு. பெரிய சுவருக்கு வச்சிரம் கலந்த பொடி நிறம், கடைப் பலகைக்கு எனாமல் பெயிண்ட். மூலையில் சிறிய எழுத்தில் ‘ஆர்ட்ஸ்’ என்று முடியும் கையெழுத்து இருக்கும். வட்டாரத்தில் எந்தப் பலகை யார் கை என்று அறிய எஞ்சியுள்ள சான்று பெரும்பாலும் அது மட்டுமே.

பலகைகளில் ஆண்டு எழுதும் வழக்கம் இல்லை. ஆனாலும் காலத்தைக் கணிக்க வழி உண்டு. விலை ‘ந.பை.’ என்று இருந்தால் அது 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. நயா பைசா புழங்கியது அவ்வளவு காலந்தான். ஆறு இலக்க அஞ்சல் குறியீடு 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தியது. எட்டு இலக்கத் தொலைபேசி எண் 2000களையோ அதற்குப் பிந்திய காலத்தையோ சேர்ந்தது. முகவரியில் செங்கல்பட்டு மாவட்டம் என்றிருந்தால், திருவள்ளூர் தனி மாவட்டமான 1997க்கு முந்தியதாக இருக்கலாம். ‘மெட்ராஸ்’ 1996இல் சென்னை ஆனது ஆங்கிலப் பலகைக்கே உதவும். தமிழ்ப் பலகை அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே சென்னை என்றுதான் எழுதியது. சாலைப் பெயரை நம்புவது இன்னும் ஆபத்து. சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலை சி.டி.எச். ரோடு ஆகிப் பல ஆண்டுகள் கழித்து வைத்த புதுப் பலகையிலும் எம்.டி.எச். ரோடு என்றே காணலாம். பேருந்தில் பூவிருந்தவல்லி, பேச்சில் பூந்தமல்லி என்ற இரட்டையும் அப்படித்தான்.

எல்லாவற்றிலும் கூர்மையான சான்று எழுத்துதான். தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட பதின்மூன்று எழுத்துகள் வடிவம் மாறின. ‘சென்னை’, ‘சாலை’, ‘ஆலை’, ‘விலை’ எல்லாவற்றிலும் இவற்றில் ஒன்று உண்டு என்பதால் தொழிற்சாலை ஊரின் பலகை தப்ப முடியாது. யானைத் துதிக்கை போல வளைந்த பழைய கொம்பு இருந்தால் பெரும்பாலும் 1978க்கு முந்தியது. பெரும்பாலும் என்பதற்குக் காரணம், பழைய எழுத்தில் பழகிய ஓவியரின் கை அரசாணைக்கு உடனே கட்டுப்படவில்லை. ஆகவே கொம்பு பலகையின் வயதைக் காட்டுகிறதா, எழுதியவரின் வயதைக் காட்டுகிறதா என்று இன்னொரு சான்றைக் கொண்டு சரிபார்க்க வேண்டும்.

அழிவு பல திசைகளிலிருந்து வந்தது. பொது இடங்களின் அழகைக் கெடுப்பதைத் தடுக்கும் சட்டம் 1959லேயே இருந்தும் கையால் எழுதிய விளம்பரத்தைப் பெரிதாகத் தொடவில்லை. 2000களில் பரவிய ஃபிளெக்ஸ் அச்சு சில ஆண்டுகளில் ஓவியரின் பிழைப்பைப் பறித்தது. சாலை விரிவாக்கமும் மெட்ரோ பணியும் கடை முகப்புகளையே நீக்கின. இரும்புப் பலகைகள் காயலான் கடையில் எடைக்குப் போயின. கூரை ஓட்டையை அடைக்கவும் கோழிக்கூண்டுக்குக் கதவாகவும் போனவை அதனாலேயே தப்பின.

சேகரிப்பாளர்கள் தேடியதும் அத்தகைய இடங்களிலும் பழம்பொருள் சந்தைகளிலும்தான். பூந்தமல்லி நெடுஞ்சாலை நகருக்குள் வந்து முடியும் முனையருகே இருந்த மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரியும்வரை பழம்பொருளுக்குப் பெயர்போனது. இன்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் எனாமல் பலகைகள் விலைக்குக் கிடைக்கின்றன, போலிகளும் கூடவே. பழைய பலகையில் நிறங்கள் சேருமிடத்தை விரலால் தடவினால் மேடு தட்டும். துரு துளையிலிருந்தும் ஓரத்திலிருந்தும் பரவியிருக்கும். அமிலம் ஊற்றிப் பழசாக்கியதில் துரு தேவையான இடத்தில் மட்டும் அழகாக இருக்கும்.

வாங்கிய பலகை தன் தெருவை இழந்துவிடுகிறது. சாலையோரப் பலகைகளை 1930களிலேயே படமெடுத்த அமெரிக்கர் வாக்கர் எவன்ஸ் பிற்காலத்தில் பலகைகளைக் கழற்றி வீட்டுக்கும் கொண்டுபோனார். இரண்டு ஆசையும் ஒருவரிடமே இருக்கலாம். இந்தியாவில் ஹனீஃப் குரேஷி தெரு ஓவியர்களின் எழுத்துருக்களைக் கணினிக்கு மாற்றும் ‘ஹேண்ட்பெயின்டட் டைப்’ முயற்சியைத் தொடங்கினார். சுவர் எழுத்தைக் கழற்ற முடியாது என்பதால் அதற்குப் படம் ஒன்றே வழி. காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் தகரத்தின் நெளிவும் எழுத்தின் மேடும் தெரியும். சுவருக்கு மழை ஓய்ந்த நேரம் நல்லது: நனைந்த சுண்ணாம்பு ஒளி ஊடுருவும் தன்மை பெறுவதால், மேலே அடித்த வெள்ளைக்கு அடியிலிருந்து முந்தைய விளம்பரமும் சில சமயம் அதற்கும் முந்தையதும் மங்கலாக எழுந்து வரும். காய்ந்ததும் மறைந்துவிடும். நெருக்கத்தில் ஒரு படம், கடையும் தெருவும் தெரிய எட்ட நின்று ஒரு படம், இடமும் தேதியும் ஒரு வரியில் என்று குறித்துவைத்தால், பலகையோடு அது இருந்த தெருவும் பதிவாகிறது.