கல்வெட்டில் இல்லாத பெயர்கள்

அட்சய திருதியை நன்னாள் ஆகார தானத்தின் தொடக்கத்தை ஆண்டுதோறும் நமக்கு நினைவூட்டுகிறது. துறவு பூண்ட ஆதிபகவன் உணவு ஏற்க எழுந்தருளியபோது, முனிவர்க்கு உணவளிக்கும் முறையை மக்கள் அறிந்திருக்கவில்லை. பொன்னும் மணியும் கொணர்ந்து நீட்டினர். அத்தினாபுரத்துச் சிரேயாம்ச குமாரனுக்கு மட்டும், முற்பிறவியில் முனிவர்க்கு அமுதளித்த நினைவு எழுந்தது. அவன் அளித்த கருப்பஞ்சாற்றால் பகவனின் நெடிய உண்ணாநோன்பு நிறைவுற்றது. இவ்வரலாற்றை நம் குழந்தைகளுக்குக் கூறுகின்ற நாம், அக்கரும்பை நட்டவர் யார், பிழிந்தவர் யார் என்று வினவுவதில்லை.

வினவும் கடமை நமக்கு உண்டு. ஆதிபகவன் வகுத்தருளிய அறுதொழில்களுள் உழவும் ஒன்று. வந்தவாசி, செய்யாறு, ஆரணி, போளூர், திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக உழவையே வாழ்வாகக் கொண்டிருந்தனர்.

உணவைப் பேணிய நம் மரபுக்குக் கல்வெட்டுகள் சான்று பகர்கின்றன. வந்தவாசி வட்டாரத்து வேடாலில், முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கனகவீரக் குரத்தியாரின் மாணாக்கியர் 500 பேருக்கும் பிற பெண் துறவியர் 400 பேருக்கும் இடையே பிணக்கு எழுந்தபோது, அவ்வூர்ச் சமண இல்லறத்தார் குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஏற்றனர். நாளொன்றுக்கு ஒரு வேளை எனக் கொண்டாலும், 500 பேருக்கு ஆண்டொன்றுக்கு 1,82,500 வேளை உணவு வேண்டும். அவ்வளவு நெல்லும் பயறும் ஏதோ ஒரு கழனியில் விளைந்தாக வேண்டும்.

திருமலையில், முதலாம் இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டில், குணவீர மாமுனிவர் தம் ஆசான் கணிசேகர மருபொற்சூரியன் பெயரால் கலிங்கு ஒன்றை அமைத்தார் என்று கல்வெட்டுக் கூறுகிறது. முதலாம் பராந்தகனின் 38ஆம் ஆட்சியாண்டில், விளாப்பாக்கத்தில் பட்டினிக் குரத்தியடிகள் கிணறு தோண்டுவித்தார். பற்றற்ற துறவியரும் ஊருக்கு நீர் வேண்டும் என்று கருதிய காலம் அது.

இக்கல்வெட்டுகள் அறம் செய்வித்தோரின் பெயரைக் காத்துள்ளன. கலிங்குக்குக் கல் சுமந்தவரும் கிணற்றில் மண் அள்ளியவரும் வேடாலுக்கு நெல் விளைவித்தவரும் அவற்றில் இல்லை. அப்பெயர்களை இனி மீட்க இயலாது.

மிக அண்மைக் காலத்துப் பெயர்களும் இவ்வாறே மறைந்துகொண்டிருக்கின்றன. விடியுமுன் கவலை ஓட்டி நீர் இறைத்த படியாள், குனிந்த முதுகுடன் நாற்று நட்ட பெண்கள், களத்தில் நெல் தூற்றியோர், மல்லாட்டை பிடுங்கி ஆய்ந்தோர் ஆகியோரின் உழைப்பு நம் குடும்பங்களின் உணவாகவும் படிப்பாகவும் மாறியது. அவர்களுள் பலருக்குச் சொந்த நிலம் ஒரு காணியும் இல்லை. நம்மில் பலர் சென்னைக்கும் பெங்களூருக்கும் குடிபெயர்ந்தோம்; நிலங்கள் கைமாறின. அம்மனிதர்களின் பெயர்கள் இன்று ஊரில் எஞ்சியிருக்கும் முதியோரின் நினைவில் மட்டுமே உள்ளன.

நம் அறநூல்கள் இதில் நமக்கு வழிகாட்டுகின்றன. கொல்லாமை என்னும் அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்பட்டுள்ளன. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன அவை. ஏர் மாட்டுக்கு உரைத்த இக்காப்பு, ஏர் பிடித்த மனிதர்க்கும் உரியதே. அளவுக்கு மீறி வேலை வாங்குவது மிகுபாரம் ஏற்றுவதாகும். கூலியைக் காலம் தாழ்த்துவது உணவைத் தடுப்பதாகும். நம் முன்னோருள் இவ்வறத்தைக் காத்தோரும் இருந்தனர், தவறினோரும் இருந்தனர். இரண்டையும் மறைக்காமல் சொல்வதே வாய்மை.

மேலும், செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றும் வினைக்கு வாயில் என்பது நம் கொள்கை. கலப்பை முனையில் நேரும் உயிர்க்கேட்டை உழுதவர்மேல் ஏற்றிவிட்டு, பொழுது சாயுமுன் உண்ணும் நாம் தூயோர் எனக் கருதுவது பொருந்தாது. அவ்வுணவை உண்ணும் நமக்கும் அதில் பங்குண்டு. ஆகவே நன்றியிலும் நமக்குப் பங்கு வேண்டும்.

விழா மலர்களில் உபயதாரர் பெயர்கள் அச்சாவது வழக்கம், அது முறையே. அவற்றின் அருகில், விழாவில் சமைத்தவர், விறகும் நீரும் சுமந்தவர், பாத்திரம் துலக்கியவர் ஆகியோரின் பெயர்களும் இடம்பெறட்டும். ஒவ்வொரு குடும்பமும் தன் நிலத்தில் உழைத்தோரின் பெயர்களை முதியோரிடம் கேட்டு இவ்வாண்டே எழுதிவைக்கட்டும். அவர்தம் வழித்தோன்றல்கள் ஊரில் இருப்பின், அவர்களை நேரில் கண்டு நலம் வினவி, அவர்கள் சொல்லும் கதையையும் கேட்டு எழுதட்டும். சிரேயாம்சனுக்குப் பழம்பிறப்பின் நினைவு வந்தது. நமக்கு இரண்டு தலைமுறைக்கு முந்தைய நினைவு போதும்.

அறம் தழைக்க! உழைத்தோர் பெயர் நிலைக்க!