களவிலும் அறம்: சங்கக் காதலின் நெறிகள்

சங்க அகப்பாடல்களின் முதல் நெறி பெயர் மறைத்தல். காதலர் இன்னார் என்று சுட்டும் பெயர் அகத்திணையில் வரக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் பெயரில் அமைந்த நற்றிணை 106ஆம் பாடலிலும் காதலன் வெறும் தலைவனே. அரசன் என்ற சலுகை அங்கே இல்லை. நெடுநல்வாடையில் தலைவியின் பிரிவுத்துயர் நிறைந்திருந்தும், வேலில் கட்டிய வேம்பு பாண்டியனை அடையாளம் காட்டுவதால் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதைப் புறமாகவே கொண்டார்.

மணத்துக்கு முந்தைய மறைவான காதலாகிய களவு குற்றமன்று, கைவிடுவதே குற்றம். குறுந்தொகை 25இல் கபிலரின் தலைவி, கூடிய அன்று சாட்சியாக நின்றது மீன் பார்த்திருந்த குருகு ஒன்றுதான் என்று கலங்குகிறாள். அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. அகநானூறு 256 கள்ளூரில் நடந்ததைச் சொல்கிறது: பெண்ணொருத்தியின் நலம் உண்டவன், அவளை அறியேன் என்று பொய்ச்சூள் உரைத்தான். அவையத்தார் சாட்சிகளை விசாரித்து உண்மை அறிந்தனர். அவனை மரக்கிளையில் இறுகக் கட்டித் தலையில் நீற்றைக் கொட்டினர். பெண்ணின் சொல்லை ஊரவை காது கொடுத்துக் கேட்டது என்பதே இதில் அரியது. பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே திருமணச் சடங்குகள் வகுக்கப்பட்டன என்கிறது தொல்காப்பியம்.

வேற்று மணம் நெருங்கினால் தலைவி அறத்தொடு நிற்பாள். அவள் தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும் உண்மையைச் சொல்வர். நற்றாய் வழியே அது தந்தையையும் தமையன்மாரையும் எட்டும்.

மணத்துக்குப் பின் இந்த நெறி ஒருபக்கம் சாய்கிறது. மருதப் பாடல்களில் தலைவனின் பரத்தமைக்கு ஊடல் உண்டு, தண்டனை இல்லை. திருக்குறள்தான் பிறனில் விழையாமை, வரைவின் மகளிர் அதிகாரங்களில் ஆணின் ஒழுக்கத்தைக் கண்டிப்புடன் கேள்வி கேட்கிறது.